வடமுனைச் சோதி: அது தோன்றும் இடமும் காரணமும்

உலகின் வடகோடியிலுள்ள நாடுகளில் மாரிக்கால இரவு மிக நீண்டது. நோர்வேயின் வடகரையில் அமைந்த திறோம்சோ நகரில் நவம்பர் இறுதி தொடக்கம் சனவரி நடுப்பகுதி வரை ஞாயிறு அடிவானுக்கு மேல் எழுவதேயில்லை. அத்தகைய இருளிலே, முகிலற்ற வானத்தில் மேற்குக் கிழக்காக நீண்டதொரு மங்கிய பச்சை வில் சில வேளைகளில் தோன்றும். சற்று நேரம் அஃது அசைவின்றி நிற்கும். பின்னர் அதன் கீழ் விளிம்பு ஒளிபெறும். வில் முழுவதும் காற்றிலாடும் திரைச்சீலை போல மடிப்பு மடிப்பாக நெளியும். செங்குத்தான கதிர்கள் அதனின்று மேலெழும். சில நிமிடங்களுள் ஒளி வானமெங்கும் பரந்து, ஈற்றிலே சிறு திட்டுக்களாகச் சிதறி அடங்கும். இக்காட்சியே வடமுனைச் சோதி எனப்படுவது.

இதனை நாடோறும் கண்டு வாழ்ந்த மக்கள் இதற்குத் தத்தம் மனப்பாங்குக்கு ஏற்ற விளக்கம் கண்டனர். பின்லாந்து மக்கள் இதனை 'நரித்தீ' என்று வழங்கினர். பனிவெளியில் ஓடும் நரியொன்று தன் வாலால் வெண்பனியை வானுக்கு வாரியிறைப்பதாக அவர்தம் கதை கூறும். இனுவிற் மக்களுட் சிலர், இறந்தோரின் ஆவிகள் வால்ரசு என்னும் கடல்விலங்கின் தலையோட்டைப் பந்தாக உதைத்து விளையாடுவதாகக் கருதினர். ஐரோப்பிய அறிஞர் 17 ஆம் நூற்றாண்டில் இதற்கு 'வடபுல வைகறை' என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிற் பெயரிட்டனர். தென்னாட்டிலிருந்து நோக்குவோர்க்கு இச்சோதி வடக்கு அடிவானத்தில் விடியற்கால வெளிச்சம் போலத் தோன்றுதலே அப்பெயர்க்குக் காரணம்.

ஆயின், இவ்வொளிக்கும் விடியலுக்கும் யாதொரு தொடர்புமில்லை. வடமுனையோடு இதற்குள்ள தொடர்பும் பலர் எண்ணுவது போன்றதன்று. 'வடமுனைச் சோதி' என்னும் பெயரைக் கேட்போர், வடக்கே செல்லச் செல்ல ஒளி மிகும் என்றும், வடமுனையை அடைந்தால் அதனை நிறைவாகக் காணலாம் என்றும் கருதுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. இச்சோதி எங்கே தோன்றுகிறது என்னும் வினாவைச் செவ்வையாக ஆராய்ந்தமையாலேயே, அஃது ஏன் தோன்றுகிறது என்னும் வினாவுக்கு விடை கிட்டியது. ஆதலின் இடத்தை முதலிலும் காரணத்தை அதன் பின்னரும் நோக்குதல் தகும்.

1860 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் இலயஸ் லூமிஸ் என்பார், உலகின் பல பாகங்களிலிருந்தும் கிடைத்த குறிப்புக்களைத் தொகுத்து, சோதி அடிக்கடி தோன்றும் இடங்களை ஒரு படத்திற் குறித்தார். அவ்விடங்கள் யாவும் ஒரு வளையமாக அமைந்தன. 1881 இல் எர்மன் பிறிற்ஸ் என்பார் இன்னும் விரிவானதொரு படத்தை வெளியிட்டார். அலாஸ்காவின் வடபகுதி, கனடாவின் ஹட்சன் குடா, கிறீன்லாந்தின் தென்பகுதி, ஐசுலாந்து, நோர்வேயின் வடகரை, சைபீரியாவின் வடகரை ஆகியவை இவ்வளையத்தின் மீதோ அதற்கு அணித்தாகவோ உள்ளன. வளையத்துக்குத் தெற்கே செல்லச் செல்லச் சோதி அரிதாகின்றது. வளையத்தைக் கடந்து வடக்கே சென்றாலும் அவ்வாறே அரிதாகின்றது. வளையத்துக்கு உள்ளே இருப்போர் சோதியைக் காண்பதற்குத் தெற்கு நோக்கித் திரும்ப வேண்டும்.

இவ்வளையத்தில் வியப்புக்குரிய பிறிதொரு பண்பும் உண்டு. அதன் நடுவிடம் புவியின் வடமுனை அன்று. கனடாவிலுள்ள யெலோநைப் நகரும் சைபீரியாவிலுள்ள யாக்குற்ஸ்க் நகரும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில், வடக்கு 62 பாகையில், அமைந்தவை. இரண்டும் கடுங்குளிர் மிக்கவை. மாரியில் இரண்டிலும் இரவு ஒரே அளவு நீண்டது. எனினும் யெலோநைப்பில் முகிலற்ற இரவுகளிற் பெரும்பாலானவற்றில் சோதியைக் காணலாம். யாக்குற்ஸ்க்கில் அஃது அரிய காட்சி. அவ்வாறே, 50 ஆம் பாகைக்கு அண்மையிலுள்ள கனடிய நகரான வினிப்பெக்கில் இதனை ஆண்டுதோறும் பன்முறை காண்பர். அதே அகலக்கோட்டிலுள்ள பிராக் நகரத்தார்க்கு அது பெரும் புதுமை. குளிரோ பனியோ இருளோ சோதிக்குக் காரணமாயின் இவ்வேறுபாடு நிகழாது.

வேறுபாட்டின் காரணம் புவியின் காந்தமாகும். புவி தன்னுள்ளே ஒரு பெருங்காந்தச் சட்டம் பொதிந்தது போல ஒழுகுகின்றது. அச்சட்டத்தின் அச்சு, புவி சுழலும் அச்சோடு பொருந்தாது ஏறக்குறைய 10 பாகை சரிந்துள்ளது. அது வட அரைக்கோளத்திற் புவியின் மேற்பரப்பைச் சந்திக்கும் இடம், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்கு அருகில் உள்ளது. காந்த ஊசி நிலைக்குத்தாக நிற்கும் இடம் இதனின் வேறானது. அவ்விடம் அண்மைக் காலத்திற் கனடாவை விட்டுச் சைபீரியாவை நோக்கி விரைந்து நகர்ந்துள்ளது. சோதி வளையம் சூழ்ந்து நிற்பது முன்னைய இடத்தையே. அது வட அமெரிக்காவின் பக்கம் சாய்ந்திருத்தலால், அக்கண்டத்தில் வளையம் தெற்கே தாழ்ந்தும், ஆசியாவில் வடக்கே உயர்ந்தும் செல்கின்றது. யெலோநைப்பின் பேறும் யாக்குற்ஸ்க்கின் இழப்பும் இதனால் விளைந்தவை.

காந்தத்துக்கும் இச்சோதிக்கும் உறவுண்டு என்பது லூமிஸின் படத்துக்கு முன்னரே ஐயுறப்பட்டதாகும். 1716 மார்ச்சு மாதத்தில் ஐரோப்பாவின் பல பாகங்களில் ஒரு பெருஞ்சோதி தோன்றியது. வால்வெள்ளியின் மீட்சியைக் கணித்தமையாற் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி, தமது அறுபதாம் வயதளவில் முதன்முறையாக அதனைக் கண்டு, புவியின் காந்தமே அதன் கதிர்களை நெறிப்படுத்துகின்றது என்று எழுதினார். 1741 இல் சுவீடனின் உப்சாலா நகரில் செல்சியசும் அவர் உதவியாளர் ஹியோர்ட்டரும், சோதி தோன்றும் வேளைகளிற் காந்த ஊசி நிலைகுலைந்து ஆடுவதைக் கண்டனர். அதே நாளில் இலண்டனிற் கிறகாம் என்பாரின் ஊசியும் ஆடியதென்பது பின்னர்க் கடித வாயிலாகத் தெரியவந்தது. வெவ்வேறு நாடுகளிலுள்ள ஊசிகளை ஒரே பொழுதில் அசைக்கவல்ல நிகழ்ச்சி, ஓரூரின் வானிலை மாற்றமாக இருத்தல் இயலாது.

எனினும், ஒளி எதிலிருந்து பிறக்கின்றது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. வடகடற் பனிப்பாறைகளிற் பட்டுத் தெறிக்கும் ஞாயிற்றின் ஒளியே இஃது என்று கருதியோரும் உளர். 1867 இற் சுவீடன் அறிஞர் அங்ஸ்ற்றோம் இவ்வொளியை நிறமாலையாகப் பகுத்து நோக்கினார். தெறித்த ஞாயிற்றொளியாயின் வானவில்லின் நிறங்கள் யாவும் தொடர்ந்து தோன்றுதல் வேண்டும். அவர் கண்டதோ, பச்சையும் மஞ்சளும் சேருமிடத்தில் ஒரு தனிக்கோடு. ஒளிரும் வாயுவுக்கே அத்தகைய கோடு உண்டு. எந்த வாயு என்பதை அறிய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1925 இல் தொறன்ரோ நகரில் மக்லெனன், சிரம் என்னும் இருவரும் அது ஒட்சிசன் அணுவுக்குரியது என நிறுவினர். நோர்வே நாட்டுக் கணித அறிஞர் காள் ஸ்தோர்மர், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள நிலையங்களிலிருந்து ஒரே கணத்திற் சோதியைப் படம்பிடித்து, முக்கோணக் கணிப்பால் அதன் உயரத்தை அளந்தார். தாழ்ந்த விளிம்புகளும் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில் நின்றன. ஆகவே, முகில்களுக்கு மிக மேலே, காற்று மிக ஐதாயுள்ள இடத்தில், அக்காற்றே ஒளிர்கின்றது என்பது உறுதியாயிற்று.

அங்ஙனம் காற்றை ஒளிரச் செய்வது எது? இவ்வினாவுக்குப் பரிசோதனை வாயிலாக விடை தேடியவர் நோர்வே நாட்டுப் பௌதிக அறிஞர் கிறிஸ்தியன் பிர்க்லண்ட். ஞாயிற்றிலிருந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் புறப்பட்டு வந்து, புவியின் காந்தத்தால் வழிநடத்தப்பட்டு வளியில் மோதுகின்றன என்று அவர் 1896 இற் கருத்துரைத்தார். அதனைச் சோதித்தற்காக, காற்று வெளியேற்றப்பட்ட கண்ணாடிப் பெட்டியினுள் மின்காந்தம் பொதிந்த ஒரு சிறு கோளத்தைத் தொங்கவிட்டு, அதன்மேல் இலத்திரன்களைச் செலுத்தினார். கோளத்தின் இரு முனைகளையும் சூழ்ந்து ஒளி வளையங்கள் தோன்றின. 1902 ஆம், 1903 ஆம் ஆண்டுகளில் நோர்வே, ஐசுலாந்து, ஸ்பிற்ஸ்பேர்கன், நோவயா செம்லியா ஆகிய நான்கிடங்களில் நிலையங்கள் அமைத்து, மாரிக் குளிரிற் காந்த அளவைகளை எடுத்தார். சோதியின்போது மிக்க உயரத்திலிருந்து மின்னோட்டம் காந்தக் கோடுகள் வழியே இறங்கி மீள்கின்றது என்பது அவர் துணிபு. அவர் 1917 இல் இறந்தார். அக்கருத்தை ஏற்க மறுத்தோரே அவர் காலத்திலும் பின்னரும் பலராயிருந்தனர். அரை நூற்றாண்டு கழிந்த பின்னர்ச் செயற்கைக்கோள்கள் அம்மின்னோட்டங்களை நேரே அளந்து அவர் கூற்றை நிலைநாட்டின. இன்று அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

ஞாயிற்றிலிருந்து துணிக்கைகள் இடையறாது வீசுகின்றன என்பதனை 1958 இல் அமெரிக்க அறிஞர் இயூஜின் பாக்கர் கணித வாயிலாகக் காட்டி, அதற்குச் 'சூரியக் காற்று' என்று பெயரிட்டார். 1962 இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 என்னும் விண்கலம் அக்காற்றினூடே பல மாதங்கள் பயணஞ்செய்து அதனை உறுதிப்படுத்தியது. அது பெரும்பாலும் இலத்திரன்களாலும் புரோத்தன்களாலும் ஆனது. செக்கனுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வேகத்தில் வீசுவது. ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீற்றரை நான்கு நாட்கள் அளவிற் கடப்பது.

ஈண்டு ஒரு பிழையான விளக்கத்தை விலக்குதல் வேண்டும். சூரியக் காற்றின் துணிக்கைகளைப் புவியின் காந்தம் இரு முனைகளுக்கும் இழுத்து, புனலின் வழியே நீர் இறங்குவது போல் நேரே வளியில் இறக்குகின்றது என்று பல நூல்களும் எளிமை கருதிக் கூறுகின்றன. அவ்வாறாயின், ஒளி முனையிலேயே செறிந்திருத்தல் வேண்டும். ஞாயிற்றை நோக்கிய பகற்பக்கத்திலேயே மிகுந்திருத்தல் வேண்டும். உண்மையிற் சோதி முனையைச் சூழ்ந்து வளையமாக நிற்பதோடு, நள்ளிரவுப் பக்கத்திலேயே பெரிதும் பொலிகின்றது. துணிக்கைகள் முன்வாயிலால் அன்றிப் பின்வாயிலால் நுழைகின்றன என்பதே இதன் பொருள்.

அது நிகழுமாறு பின்வருமாறு. ஓடும் ஆற்றின் நடுவே நாட்டிய தூண் நீரை இருபாலும் ஒதுக்குவது போலப் புவியின் காந்தம் சூரியக் காற்றை ஒதுக்குகின்றது. ஞாயிற்றை நோக்கிய பக்கத்தில் இக்காந்த அரண் அமுக்கப்பட்டு, புவியின் ஆரையைப் போற் பத்து மடங்கு தூரத்தில், அதாவது ஏறக்குறைய 65,000 கிலோமீற்றரில், நிற்கின்றது. மறுபக்கத்தில் அது நீண்டு, சந்திரனின் பாதையையும் கடந்து, ஒரு வாலாகச் செல்கின்றது. சூரியக் காற்றும் தன்னோடு ஒரு காந்தப்புலத்தைச் சுமந்து வருகின்றது. அப்புலம் தெற்கு நோக்கி அமைந்த வேளையில், வடக்கு நோக்கிய புவியின் புலத்தோடு பகற்பக்கத்தில் இணைகின்றது. இணைந்த கோடுகளைக் காற்று பின்னே இழுத்துச் சென்று வாலிற் குவிக்கின்றது. நாணை இழுக்க இழுக்க வில்லில் வலு சேர்வது போல வாலில் ஆற்றல் சேர்கின்றது. ஓரளவுக்கு மேல் வாலிலுள்ள எதிரெதிர்க் கோடுகள் தம்முள் இணைந்து, விடுபட்ட நாண் போலப் புவியை நோக்கி மீள்கின்றன. பிரித்தானிய அறிஞர் ஜேம்ஸ் டஞ்சி 1961 இல் இவ்விளக்கத்தின் அடிப்படையை வகுத்தார். இங்ஙனம் விடுபடும் ஆற்றல் இலத்திரன்களைக் காந்தக் கோடுகள் வழியே முடுக்குகின்றது. புவிக்கு மேலே சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் எழும் மின்புலங்கள் அவற்றுக்கு மேலும் விரைவூட்டுகின்றன. செக்கனுக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் வேகம் பெற்ற இவ்விலத்திரன்களே வளியைத் தாக்கிச் சோதியை எழுப்புகின்றன.

சோதி வளையமாக நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். முனைக்கு மிக அண்மையிலிருந்து புறப்படும் காந்தக் கோடுகள் மீண்டும் புவிக்கு வாராமல் வெளியே சூரியக் காற்றோடு சென்று சேர்கின்றன. தாழ்ந்த அகலக்கோடுகளிலிருந்து புறப்படுபவை புவியை அணைந்து வளைந்து மறு அரைக்கோளத்தில் இறங்குகின்றன. இவ்விருவகைக்கும் இடைப்பட்ட எல்லையை ஒட்டியவையே வாலின் நடுப்பகுதியை எட்டுவன. அவை புவியைத் தொடும் இடம் ஒரு வட்டம். வாலில் முடுக்கப்படும் இலத்திரன்கள் அக்கோடுகளை விட்டு விலக மாட்டாமையால், அவ்வட்டத்திலேயே வந்து இறங்குகின்றன. கண்ணுக்குத் தோன்றாத காந்த அரணின் எல்லை புவியின்மேல் எழுதப்பட்ட கோடே சோதி வளையம் எனலாம்.

அதே கோடுகளின் மறுநுனி தென் அரைக்கோளத்தில் இருத்தலால், அங்கும் ஒரு வளையம் இருத்தல் இன்றியமையாதது. 1773 இல் தென்கடலிற் பயணஞ்செய்த கப்டன் குக் அத்தென்முனைச் சோதியைக் கண்டு குறித்தார். அது பெரும்பாலும் அன்ராட்டிக்கா மீதும் அதனைச் சூழ்ந்த கடல் மீதும் அமைதலாற் காண்போர் சிலரே.

சோதியின் நிறங்களும் உயரத்துக்கு ஏற்ப அமைவன. இலத்திரனால் தாக்குண்ட அணு ஆற்றல் பெற்று, பின் அதனை ஒளியாக வெளிவிடுகின்றது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இலத்திரன்கள் திரையைத் தாக்கி ஒளியெழுப்பியமையும் இத்தகையதே. ஒட்சிசன் அணு 557.7 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைத் தருவதற்கு ஏறக்குறைய முக்காற் செக்கன் எடுக்கும். 630 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பைத் தருவதற்கு ஏறக்குறைய 110 செக்கன் எடுக்கும். இதற்கிடையில் வேறு மூலக்கூறொன்று மோதினால், அணு தன் ஆற்றலை ஒளி விடாமலே இழந்துவிடும். ஆதலின், மோதல் மிகக் குறைந்த 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரங்களிலேயே சிவப்புத் தோன்றும். 100 முதல் 150 கிலோமீற்றர் வரை பச்சை மேலோங்கும். வலிமிக்க இலத்திரன்கள் இன்னும் கீழே இறங்குமாயின், நைதரசன் மூலக்கூறுகள் ஒளிர்ந்து, திரையின் கீழ் விளிம்பிலே செங்கருநீல விளிம்பு கட்டினாற் போன்ற தோற்றத்தைத் தரும்.

வளையம் புவியோடு சேர்ந்து சுழல்வதன்று. அஃது ஞாயிற்றைச் சார்ந்து ஓரிடத்தில் நிற்க, புவி அதன்கீழ்ச் சுழல்கின்றது. 1957-58 இல் நடைபெற்ற சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டின்போது, வானம் முழுவதையும் ஒருங்கே படம்பிடிக்கும் கருவிகள் பல நாடுகளில் நிறுவப்பட்டன. அப்படங்களை ஆராய்ந்த சோவியத் அறிஞர் பெல்ட்ஸ்ரைன், வளையம் பகற்பக்கத்தில் முனையை நெருங்கியும் இரவுப்பக்கத்தில் விலகியும் நிற்பதை 1963 இல் வெளியிட்டார். அலாஸ்காவிற் பணியாற்றிய அக்காசோபு, தனித்தனியே நோக்கப்பட்ட ஒளிக் கொந்தளிப்புக்கள் யாவும், நள்ளிரவுப் பகுதியிலே தொடங்கி வளையமெங்கும் பரவும் ஒரே நிகழ்ச்சியின் கூறுகள் என 1964 இற் காட்டினார். 1981 இல் ஏவப்பட்ட செயற்கைக்கோளொன்று மிக்க உயரத்திலிருந்து வளையம் முழுவதையும் படம்பிடித்து அனுப்பியது. நூறாண்டுகளுக்கு மேலாகக் கணிப்பினாலேயே உணரப்பட்டது கண்ணாற் காணப்பட்டது. வடக்கு 78 ஆம் பாகையிலுள்ள ஸ்வால்பாட் தீவுக்கூட்டம் இரவில் வளையத்துக்கு உள்ளேயும், நண்பகலில் வளையத்தின் கீழேயும் வருவது. மாரியில் அங்கு நண்பகலும் இருண்டிருத்தலின், பகற்சோதியைக் காணத்தக்க அரிய இடமாக அது விளங்குகின்றது.

திறோம்சோ, சுவீடனின் கிருனா, அலாஸ்காவின் பெயர்பாங்ஸ், கனடாவின் யெலோநைப் ஆகிய நகரங்கள் நள்ளிரவை ஒட்டி வளையத்தின் கீழ் வருவன. ஆயினும் கோடையில் அங்கே இரவு முற்றாக இருள்வதில்லை. சோதி நிகழினும் கண்ணுக்குப் புலனாகாது. செத்தெம்பர் முதல் மார்ச்சு முடிய உள்ள காலமே காண்பதற்கு உரியது. அதனுள்ளும், பகலும் இரவும் ஒத்த நாட்களை அடுத்து, புவியின் காந்தமும் சூரியக் காற்றின் புலமும் எளிதில் இணையத்தக்க சாய்வில் அமைதலாற் சோதி மிகும். சூரியக் களங்கங்கள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவன. அவற்றோடு பெருஞ்சோதிகளும் பெருகிக் குறையும்.

ஞாயிற்றிலிருந்து சில வேளைகளிற் பெருந்திரள் வாயு வெடித்துப் புறப்படும். அது புவியைத் தாக்கும்போது வளையம் விரிந்து தெற்கே இறங்கும். 1859 செத்தெம்பர் 1 ஆம் நாள் ஆங்கில வானியலார் காரிங்டன், ஞாயிற்றின்மீது திடீரென எழுந்த வெள்ளொளியைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் புவியில் காந்தப் புயல் எழுந்தது. வெப்பநாடான கியூபாவிலும் சோதி தோன்றியது. அமெரிக்காவிற் சில தந்திக் கம்பிகள் மின்கலமின்றியே செய்தி அனுப்பின. பம்பாயிலுள்ள கொலாபா ஆய்வுநிலையத்தின் கருவிகள் அப்புயலைப் பதிவுசெய்தன. அப்பதிவு இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு அரும்பொருளாகும். 1872 பெப்ரவரியில் எழுந்த புயலின்போது பம்பாயிலேயே சோதி காணப்பட்டதாகவும் குறிப்புண்டு. 1989 மார்ச்சு 13 ஆம் நாள் எழுந்த புயல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் மக்களை ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருக்கச் செய்தது. 2024 மே மாதம் 10 ஆம், 11 ஆம் நாட்களில் எழுந்த புயலில், இமயத்துக்கு அப்பாலுள்ள லடாக்கின் ஹன்லே வான் ஆய்வகத்துக் கருவிகளும் செவ்வொளியைப் படம்பிடித்தன.

தெற்கே காணப்படும் சோதி பெரும்பாலும் செந்நிறமாயிருப்பதற்குப் புவியின் வளைவும் ஒரு காரணம். 110 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பச்சை ஒளி, ஏறக்குறைய 1,200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளோர்க்கு அடிவானின் கீழ் மறைந்துவிடும். 400 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செவ்வொளியோ 2,200 கிலோமீற்றர் வரை தெரியும். இதனை அறியாத முற்காலத்தவர், தொலைவில் ஊரொன்று தீப்பற்றி எரிவதாக அஞ்சினர்.

ஈழத்து வானில் இச்சோதி ஏன் தோன்றுவதில்லை என்பதற்கும் விடை காந்தத்திலேயே உண்டு. இலங்கைக்கும் தென்னிந்தியாவின் தென்கோடிக்கும் அணித்தாகக் காந்த மத்தியகோடு செல்கின்றது. அங்கே காந்த ஊசி கிடையாக நிற்கும். காந்தக் கோடுகள் நிலத்துக்கு இணையாகச் செல்லும். வானுக்கு அப்பாலிருந்து இலத்திரன்கள் வழுவி இறங்குதற்கு வழியில்லை. 1963 இற் கேரளத்தின் தும்பாவில் விண்ணேவு நிலையம் அமைக்கப்பட்டமைக்கு இக்கோட்டின் அண்மையே காரணமாயிற்று. காந்த அரண் மிகச் செவ்வையாகக் காக்கும் நிலம் இது. சோதியைக் காணாமை அக்காவலுக்கு ஈடாகக் கொடுக்கும் விலை.

அவ்வரணின் அருமை பிற கோள்களை நோக்கும்போது தெளிவாகும். வலிய காந்தமுடைய வியாழனிலும் சனியிலும் முனைகளைச் சூழ்ந்து இத்தகைய வளையங்கள் உள. செவ்வாய் தன் முழுக்கோளையும் அணைக்கும் காந்தப்புலத்தைப் பண்டு இழந்துவிட்டது. அங்கே சோதி ஒழுங்கான வளையமாக அமையாது ஆங்காங்கே சிதறித் தோன்றுகின்றது. 2014 முதல் அதனைச் சுற்றிவந்து ஆராய்ந்த மேவன் விண்கலம், சூரியக் காற்று அக்கோளின் வளியைத் தொடர்ந்து அரித்துச் செல்வதைக் கண்டது.

அடிவானத்திற் கண்ட ஓர் ஒளியை 'எங்கே கண்டீர், எந்நேரம் கண்டீர்?' என்று கேட்டுக் குறித்து வைத்தோரின் பொறுமையே இவ்வறிவனைத்துக்கும் வித்தாயிற்று. மாலுமிகளும் தந்தி அலுவலரும் ஆசிரியரும் எழுதிய குறிப்புக்கள் ஒரு படத்திற் புள்ளிகளாயின, புள்ளிகள் வளையமாயின, வளையம், புவியைக் காக்கும் காந்த அரணைக் காட்டிக்கொடுத்தது. காரணத்தை ஊகிக்க விரையுமுன் இடத்தைச் செம்மையாகக் குறித்தல் வேண்டும் என்னும் நெறியை, விஞ்ஞானம் கற்பார்க்கு வடமுனைச் சோதியின் வரலாறு உணர்த்துகின்றது.